கீழ்ப்படிவுப் பரிசோதனைகளும் பொதுமையாக்கமும்: மில்கிராமின் ஆய்வு பற்றிய ஒரு மதிப்பீடு

உளவியலை ஒரு விஞ்ஞானமாக நிலைநிறுத்த முயன்றோர் பரிசோதனையையே அதன் தலையாய கருவியாகக் கொண்டனர். செப்பின் உருகுநிலையை ஓர் ஆய்வுகூடத்தில் அளந்தறிந்தவர், பிற இடங்களிலும் செப்பு அவ்வெப்பநிலையிலேயே உருகும் எனத் துணிந்து கூறலாம். மனிதரை ஆய்வுகூடத்துக்கு அழைத்துவந்து அவர்தம் நடத்தையை அளப்பவருக்கு அத்துணிவு எளிதிற் கிடைப்பதன்று. அவர் கண்டது அந்த அறைக்கு மட்டும் உரிய நடத்தையா, அன்றி அறைக்கு வெளியிலும் மனிதர் ஒழுகும் முறையா என்னும் வினா அவரைத் தொடர்ந்து நிற்கின்றது.

இவ்வினாவை முறைப்படுத்திக் கூறியவர் அமெரிக்க உளவியலாளர் டொனல்ட் கம்பெல். 1957இல் எழுதிய கட்டுரையொன்றிலும், ஜூலியன் ஸ்ரான்லியுடன் இணைந்து 1963இல் வெளியிட்ட ஆய்விலும் அவர் இருவகை வலிதுடைமைகளை வேறுபடுத்தினார். பரிசோதனையிற் கண்ட விளைவுக்கு ஆய்வாளர் மாற்றியமைத்த காரணியே ஏதுவாயிற்று என்று கொள்ள இடமுண்டா என்பது அக வலிதுடைமை பற்றிய வினா. அவ்விளைவு வேறு மாந்தருக்கும், வேறு சூழல்களுக்கும், வேறு காலங்களுக்கும் பொருந்துமா என்பது புற வலிதுடைமை பற்றிய வினா. இவற்றோடு மூன்றாவதொன்றையும் சேர்த்தெண்ணுதல் வேண்டும். லீ குரொன்பக், போல் மீல் ஆகிய இருவரும் 1955இல் உளச் சோதனைகள் குறித்து விளக்கிய எண்ணக்கரு வலிதுடைமையே அது. நாம் அளந்ததாகக் கூறுவதை உண்மையில் அளந்தோமா என்பது அதன் சாரமாகும்.

இம்மூன்றும் பெரும்பாலும் வரைவிலக்கணங்களாக அடுத்தடுத்து வைத்துக் கற்பிக்கப்படுகின்றன. அவற்றிடையேயுள்ள தொடர்பு அவ்வளவாக ஆராயப்படுவதில்லை. அத்தொடர்பை ஒரு குறிப்பிட்ட ஆய்வினை வைத்து நோக்குவதே எமது நோக்கம். ஸ்ரான்லி மில்கிராம் யேல் பல்கலைக்கழகத்தில் நடத்திய கீழ்ப்படிவுப் பரிசோதனைகளை இதற்கெனத் தெரிந்துகொண்டோம். மானிட இயல்பு பற்றிய முடிவுகளுக்கும், இனப்படுகொலை பற்றிய விளக்கங்களுக்கும் இத்துணைத் தொலைவு எடுத்துச் செல்லப்பட்ட உளவியற் பரிசோதனைகள் மிகச் சிலவே. எமது முடிவை முதலிலேயே கூறிவிடலாம். ஒரு பரிசோதனையிலிருந்து வெளியே எடுத்துச் செல்லத்தக்கது அதன் எண் அன்று. காரணிக்கும் விளைவுக்கும் இடையே அது காட்டும் உறவே. அவ்வுறவின் பொருள் உள்ளே தெளிவுபடாதவிடத்து வெளியே எடுத்துச் செல்வதற்கு எதுவும் இல்லை.

பரிசோதனையின் அமைப்பு

மில்கிராமின் ஆய்வு 1961 ஓகஸ்டில் தொடங்கி 1962 மே வரை நடைபெற்றது. நியூ ஹேவன் நகரிலும் அதன் அயலிலும் வாழ்ந்த, 20 முதல் 50 வயது வரையிலான ஆண்கள் பத்திரிகை விளம்பரம் மூலமும் அஞ்சல் மூலமும் அழைக்கப்பட்டனர். நினைவாற்றல் பற்றிய ஆய்வு என்றே அவர்களுக்குக் கூறப்பட்டது. வந்தவருக்கு வழிச்செலவு உட்பட நான்கரை டொலர் கொடுக்கப்பட்டது. அது வந்தமைக்கான கொடுப்பனவேயன்றி முடிவுவரை நின்றமைக்கானதன்று என்பதும் தெரிவிக்கப்பட்டது. சீட்டெடுப்பில் அவருக்கு 'ஆசிரியர்' என்னும் பாத்திரம் வந்தது. 'மாணவர்' ஆக அமைந்தவர் ஆய்வாளரின் ஆள், சீட்டெடுப்பும் முன்னேற்பாடே. மாணவர் அடுத்த அறையில் நாற்காலியொன்றிற் பிணிக்கப்பட்டார். சொற்சோடிகளை நினைவுகூருகையில் அவர் பிழைவிடுந்தோறும் ஆசிரியர் ஒரு படி கூடிய மின்னதிர்ச்சியைக் கொடுத்தல் வேண்டும். 15 வோல்ற் முதல் 450 வோல்ற் வரை குறிக்கப்பட்ட முப்பது ஆளிகள் அவர் முன்னிருந்த பொறியில் இருந்தன. உண்மையில் மாணவருக்கு மின்னதிர்ச்சி எதுவும் செல்லவில்லை.

ஆசிரியர் தயங்கியபோது சாம்பல் நிற மேலங்கி அணிந்த பரிசோதகர் நான்கு தூண்டுதல்களை ஒழுங்காகக் கூறினார். முதலாவது தொடருமாறு வேண்டியது. இரண்டாவது பரிசோதனைக்கு அது தேவை என்றது. மூன்றாவது அது முற்றிலும் இன்றியமையாதது என்றது. நான்காவது தொடர்வதைத் தவிர வேறு வழியில்லை என்றது. நான்கின் பின்னரும் மறுத்தவருடன் பரிசோதனை நிறுத்தப்பட்டது.

1963இல் வெளியான முதற் கட்டுரையின்படி, நாற்பது பேருள் 26 பேர் இறுதி ஆளிவரை சென்றனர். 300 வோல்ற்றை எட்டுவதற்கு முன் எவரும் நிறுத்தவில்லை. முன்கூட்டி வினவப்பட்ட யேல் மாணவர் பதினால்வரும் நூற்றுக்கு மூவருக்கு மேல் அவ்வெல்லைக்குச் செல்லார் என்றே மதித்திருந்தனர். அவர்தம் மதிப்பீட்டின் சராசரி 1.2 வீதம். எதிர்பார்ப்புக்கும் விளைவுக்கும் இடையேயுள்ள இவ்விடைவெளியே ஆய்வின் புகழுக்கு அடிப்படையாயிற்று.

எண்ணின் தகுதி

நாற்பதில் இருபத்தாறு என்பது 65 வீதம். கட்டளையிடப்பட்டால் மனிதருள் மூவரில் இருவர் பிறருக்குக் கொடுந்துன்பம் இழைப்பர் என்னும் கூற்று இவ்வெண்ணிலிருந்தே பிறந்தது. இக்கூற்றுக்குப் பரிசோதனை தரும் ஆதரவு மிகக் குறைவு என்பதைக் காட்டுதல் கடினமன்று.

முதலாவதாக, நாற்பது பேரைக் கொண்ட மாதிரியொன்று எழுமாற்றாகத் தெரிவுசெய்யப்பட்டிருந்தாலுங்கூட, அது தரும் 65 வீதம் என்னும் மதிப்பீட்டின் உண்மைப் பெறுமானம் ஏறத்தாழ 50க்கும் 78க்கும் இடையில் எங்கும் அமையலாம் என்பது புள்ளிவிபரவியற் கணிப்பு. இங்கோ மாதிரி எழுமாற்றானதன்று. அழைப்புக்கு இணங்கித் தாமாக வந்தவர்களே பங்குபற்றினர். வாராதோர் எவ்வாறு நடந்திருப்பர் என்பதைப் பரிசோதனை கூறாது.

இரண்டாவதாக, இது மிக முக்கியமானது, மில்கிராம் நடத்தியது ஒரு பரிசோதனையன்று. எழுநூறுக்கும் மேற்பட்டோர் பங்குபற்றிய, இருபதுக்கும் மேற்பட்ட வேறுபாட்டு நிலைகளைக் கொண்ட தொடர் அது. அவற்றுட் பலவற்றை 1974இல் வெளிவந்த தம் நூலில் அவரே விரிவாக எடுத்துரைத்துள்ளார். மாணவரும் ஆசிரியரும் ஒரே அறையில் இருந்தபோது இறுதிவரை சென்றோர் 40 வீதம். மாணவரின் கையை மின்தட்டில் ஆசிரியரே பிடித்து அழுத்தவேண்டியிருந்தபோது அது 30 வீதமாயிற்று. பரிசோதகர் அறையை நீங்கித் தொலைபேசிமூலம் பணித்தபோது ஏறக்குறைய ஐந்திலொரு பங்கினரே முடிவுவரை சென்றனர். சக ஆசிரியராக நடித்த இருவர் மறுத்தெழுந்தபோது நாற்பதின்மருள் நால்வர் மட்டுமே தொடர்ந்தனர். மின்னதிர்ச்சியின் அளவைத் தாமே தெரிவுசெய்ய விடப்பட்டபோது நாற்பதின்மருள் ஒருவரே உச்சத்தைத் தொட்டார். பரிசோதகர் இருவர் முரண்பட்ட பணிப்புரைகளை வழங்கியபோது இருபதின்மருள் ஒருவரேனும் இறுதிவரை செல்லவில்லை. மறுதலையாக, ஆளியை வேறொருவர் அழுத்தத் தாம் துணைப்பணி மட்டும் செய்தவிடத்து நாற்பதின்மருள் 37 பேர் இறுதிவரை நின்றனர்.

ஆகவே கீழ்ப்படிவின் வீதம் சூழலுக்கேற்பப் பூச்சியத்திலிருந்து 92.5 வரை மாறியது. இவற்றுள் எதனை மானிட இயல்பின் அளவு எனக் கொள்வது? எதனையும் அவ்வாறு கொள்வதற்கில்லை. 65 என்பது ஓர் ஏற்பாட்டின் விளைவு. மாணவரின் அண்மை, பரிசோதகரின் இருப்பு, சக மனிதரின் எதிர்ப்பு ஆகியன மாறுந்தோறும் மாறுவது. இம்மாற்றங்களின் ஒழுங்கே ஆய்வின் பேறு. அதனை விடுத்து ஓர் எண்ணை மட்டும் எடுத்துச் சென்றோர் பழத்தை எறிந்துவிட்டுத் தோலைக் கொண்டுசென்றவர் ஆயினர்.

மாந்தரும் இடமும்

புற வலிதுடைமை பற்றிப் பேசுவோர் முதலில் எழுப்புவது மாதிரி பற்றிய வினாவே. ஜோசப் ஹென்றிக், ஸ்ரீவன் ஹைன், ஆரா நொறென்சயன் ஆகியோர் 2010இல் வெளியிட்ட கட்டுரை, மேலைத்தேயக் கைத்தொழில் நாடுகளின் கல்வி கற்ற, வசதியுள்ள மாந்தரை, சிறப்பாகப் பல்கலைக்கழக மாணவரை, ஆராய்ந்து பெற்ற முடிவுகளை மனித குலம் முழுவதற்கும் உரியனவாகக் கூறும் வழக்கத்தைக் கண்டித்தது. காட்சிப் புலனுணர்வு போன்ற அடிப்படைச் செயல்களிற்கூட அம்மாந்தர் ஏனைய மக்களிலிருந்து வேறுபடுவதை அவர்கள் எடுத்துக்காட்டினர். கண்டனம் நியாயமானதே.

ஆயினும் மில்கிராமைப் பொறுத்தவரை இக்கண்டனம் ஓரளவுக்கே செல்லும். அவர் மாணவரைத் தவிர்த்து நகர மக்களையே அழைத்தார். தொழிலாளர், எழுதுவினைஞர், ஆசிரியர், பொறியியலாளர் எனப் பலதரப்பட்டோர் அவருள் இருந்தனர். பெண்களை வைத்துச் செய்த ஒரு நிலையிலும் விளைவு 65 வீதமாகவே இருந்தது. யேலின் பெருமை இல்லாத இடத்தில் என்னவாகும் என அறியும்பொருட்டு, பிறிஜ்போட் நகரில் பல்கலைக்கழகத்துடன் தொடர்பு காட்டாத சாதாரண அலுவலகமொன்றிலும் அவர் பரிசோதனையை நடத்தினார். அங்கு 47.5 வீதத்தினர் இறுதிவரை சென்றனர். வேறு நாடுகளிலும் ஆய்வு மீளச் செய்யப்பட்டது. மியூனிக் நகரில் டேவிட் மான்ரெல் 1971இல் அறிவித்த அளவு 85 வீதம். அவுஸ்திரேலியாவில் கில்ஹாம், மான் ஆகியோர் 1974இல் அறிவித்த அளவு ஆண்களுள் 40 வீதமும் பெண்களுள் 16 வீதமும். நடைமுறையிற் சிறு வேறுபாடுகள் இருந்தமையால் இவ்வெண்களை நாட்டியல்புகளின் ஒப்பீடாகக் கொள்ளுதல் தகாது.

அண்மைக் காலத்திலும் முடிவு முற்றாக மாறிவிடவில்லை. ஜெரி பேகர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒழுக்கநெறிக் காரணங்களுக்காகப் பரிசோதனை 150 வோல்ற்றுடன் நிறுத்தப்பட்டது. மாணவர் தம்மை விடுவிக்குமாறு முதன்முறை கோரும் கட்டம் அது. அதற்கு அப்பாலும் தொடர முனைந்தோர் 70 வீதம். மில்கிராமின் ஒத்த நிலையில் இக்கட்டத்தைக் கடந்தோர் 82.5 வீதம். போலந்தில் 2017இல் வெளிவந்த ஆய்வில், எண்பதின்மருள் 72 பேர் தமக்கு வைக்கப்பட்ட பத்து ஆளிகளையும் அழுத்தினர். உளவியலின் நூறு ஆய்வுகளை மீளச் செய்து பார்த்த கூட்டுமுயற்சியொன்று 2015இல், அவற்றுள் ஏறத்தாழ 36 வீதமானவையே மீண்டும் பொருண்மையான விளைவைத் தந்தன என்று அறிவித்த பின்னணியில், மில்கிராமின் விளைவு இவ்வாறு நிலைத்து நிற்பது குறிப்பிடத்தக்கது.

ஆயின் இங்கு ஒரு தெளிவு வேண்டும். ஒரு விளைவு மீண்டும் மீண்டும் தோன்றுவது அதன் நம்பகத்தன்மையைக் காட்டும். அது எதன் விளைவு என்பதைக் காட்டாது. பிழையாகக் குறியிடப்பட்ட தராசு எத்தனை முறை நிறுத்தாலும் ஒரே அளவையே காட்டும்.

மூக்கின் எதிர்வாதம்

புற வலிதுடைமை வாதத்துக்குக் கூரிய மறுப்பொன்றை 1983இல் முன்வைத்தவர் டக்ளஸ் மூக். பரிசோதனைகள் யாவும் வெளியுலகை முன்கூட்டி மதிப்பிடுவதற்கென்று செய்யப்படுவன அல்ல என்பது அவர் வாதம். தேர்தல் கருத்துக்கணிப்பு ஒன்றின் பயன் அதன் மாதிரி வாக்காளரைப் பிரதிபலிப்பதிலே தங்கியுள்ளது. ஆனால் ஹரி ஹார்லோ குரங்குக் குட்டிகளுக்குக் கம்பியாலும் துணியாலும் செய்த பொம்மைத் தாய்களை வைத்தபோது, அவர் சோதித்தது ஒரு கோட்பாட்டை: பாலூட்டுவதாலேயே தாய்மீது பற்றுண்டாகின்றது என்னும் கோட்பாட்டை. பாலூட்டிய கம்பித் தாயை விட்டுத் துணித் தாயைக் குட்டிகள் பற்றிக்கொண்டபோது அக்கோட்பாடு தளர்ந்தது. காட்டிலே கம்பித் தாய்கள் இல்லை என்பது அங்கு ஆட்சேபமாகாது.

இவ்வாதத்தை நாம் ஏற்றுக்கொள்கின்றோம். ஆய்வுகூடம் செயற்கையானது என்பது தன்னளவில் ஒரு குற்றமன்று. வெளியே பின்னிக்கிடக்கும் காரணிகளைப் பிரித்தறிவதற்காகவே ஆய்வுகூடம் அமைக்கப்படுகின்றது. ஆனால் மூக்கின் வாதம் பரிசோதனையாளரின் சுமையைக் குறைப்பதாகத் தோன்றினும் உண்மையில் அதனை வேறிடத்துக்கு மாற்றுகின்றது. எண்ணை அன்றிக் கோட்பாட்டையே பொதுமையாக்குகின்றோம் எனின், பரிசோதனை அக்கோட்பாட்டைத்தான் சோதித்தது என்று முதலில் நிறுவுதல் வேண்டும். ஹார்லோவின் ஆய்வில் குட்டி எதனைப் பற்றியது என்பதில் ஐயமில்லை. மில்கிராமின் ஆய்வில் பங்குபற்றியோர் எதற்குப் பணிந்தனர் என்பதே ஐயத்துக்குரியது. இவ்வாறு புற வலிதுடைமை பற்றிய வினா எண்ணக்கரு வலிதுடைமை பற்றிய வினாவாக மாறுகின்றது.

எதற்குப் பணிந்தனர்?

பரிசோதனைக்கு வருபவர் வெறும் தூண்டற்பேறு காட்டும் பொருள் அல்லர். தம்மிடம் எதிர்பார்க்கப்படுவது யாது என்பதை ஊகித்து அதற்கேற்ப நடக்கும் மனிதர். இதனை மார்ட்டின் ஓர்ண் 1962இல் எடுத்துக்காட்டினார். ஒவ்வொன்றிலும் 224 கூட்டல்கள் கொண்ட இரண்டாயிரம் தாள்களைக் கொடுத்து, பரிசோதகர் பின்னர் வருவார் என்று கூறிச் சென்றபோது, ஐந்தரை மணி நேரத்தின் பின் சலித்தவர் பரிசோதகரே. முடித்த ஒவ்வொரு தாளையும் முப்பத்திரண்டு துண்டுகளுக்குக் குறையாமற் கிழித்தெறியுமாறு பணித்தபோதும் வேலை தொடர்ந்தது. அறிவுக்குப் பொருந்தாத இச்செயலிலும் ஏதோ ஒரு விஞ்ஞான நோக்கம் இருக்கும் என அவர்கள் கருதினர். 1965இல் ஓர்ணும் இவான்ஸும் நடத்திய வேறோர் ஆய்வில், அறிதுயிலில் ஆழ்த்தப்படாதோரும் நச்சுப்பாம்பைப் பற்றவும் அமிலத்தை உதவியாளர்மீது வீசவும் முற்பட்டனர். தகுந்த பாதுகாப்பு இருக்கும் என்ற நம்பிக்கையே அதற்குக் காரணமாயிற்று. பாதுகாப்பு உண்மையில் செய்யப்பட்டே இருந்தது.

இதனை மில்கிராமின் அறைக்குப் பொருத்தி ஓர்ணும் ஹொலண்டும் 1968இல் எழுப்பிய ஆட்சேபம் எளிமையானது. அடுத்த அறையில் ஒருவர் அலறும்போதும் பரிசோதகர் அமைதியாக இருக்கின்றார். பெயர்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றில் ஒருவரைக் கொல்ல விடமாட்டார்கள். எனவே உண்மையான ஆபத்து இல்லை என்று பங்குபற்றியவர் உய்த்துணர்ந்திருக்கலாம். அவ்வாறாயின் அளக்கப்பட்டது கொடுமைக்குப் பணிதல் அன்று. நிறுவனத்தின்மீது வைத்த நம்பிக்கையே.

மில்கிராமின் மறுமொழி இருவகைப்பட்டது. பங்குபற்றியோர் வியர்த்தனர், நடுங்கினர். நாற்பதின்மருள் பதினால்வர் அடக்கவியலாது சிரித்தனர், மூவருக்கு வலிப்புப் போன்ற நிலையே ஏற்பட்டது. விளையாட்டு என்று எண்ணியவர் இவ்வாறு துன்புறுவதில்லை. மேலும் பின்னர் அனுப்பப்பட்ட வினாக்கொத்துக்கு விடையளித்தோருள் ஏறத்தாழ 56 வீதத்தினர் மாணவர் துன்புறுவதாக முழுமையாக நம்பியிருந்தனர் எனவும், மேலும் 24 வீதத்தினர் சிறு ஐயத்துடன் நம்பியிருந்தனர் எனவும் கூறினர்.

முதலாவது மறுமொழி வலுவானது. இரண்டாவதோ இருபுறமும் வெட்டும். யேலில் உள்ள மில்கிராமின் ஆவணங்களை ஆராய்ந்த ஜீனா பெரியும் பிறரும் 2020இல் வெளியிட்ட கட்டுரை, மாணவர் துன்புறுவதாக நம்பியோரே மறுக்கும் போக்கு மிக்கவராக இருந்தனர் என்று காட்டுகின்றது. இதனை அப்படியே ஏற்றால், பணிந்தோருட் பலர் தாம் கொடுமை செய்வதாகக் கருதவில்லை என்றாகும். ஆயின் இச்சான்றும் குறைபாடற்றதன்று. பணிந்தவர் ஒருவர் தம் செயலுக்கு நாணி, தாம் அப்போதே நம்பவில்லை என்று பின்னர் கூறியிருக்கவும் கூடும். நடந்த பின் கேட்ட வினாவால், நம்பிக்கையின்மை பணிவுக்குக் காரணமா, பணிவை மறைக்கும் சாக்கா என்று பிரித்தறிதல் அரிது. இருப்பினும், காரணம் இன்னதென்று நிறுவப்படவில்லை என்ற அளவுக்கேனும் அது எச்சரிக்கையாகின்றது.

நான்கு தூண்டுதல்களும் இவ்வாறே நோக்கற்பாலன. அவற்றுள் வெளிப்படையான கட்டளைக்கு மிக அணித்தானது நான்காவது. பேகரின் பரிசோதனையில் நான்காவது தூண்டுதலைக் கேட்டவருள் ஒருவரும் தொடரவில்லை. மூன்று முறை மறுத்தவரே நான்காவதைக் கேட்பர் ஆதலால் இதனை மட்டும் வைத்து முடிவுசெய்தல் ஆகாது. அலெக்ஸ் ஹஸ்லம், ஸ்ரீபன் றைக்கர் முதலியோர் 2014இல் ஒவ்வொரு தூண்டுதலையும் தனித்தனியே வழங்கிச் செய்த ஒத்த ஆய்வு அக்குறையை நீக்க முயன்றது. அங்கும் கட்டளைத் தொனி பயனற்றுப்போக, விஞ்ஞானத்தின் தேவையைச் சுட்டிய வேண்டுகோளே மக்களை நிலைநிறுத்தியது. குருட்டுப் பணிவு என்பதிலும், தாம் மதிக்கும் ஒரு நோக்கத்துடன் தம்மை இனங்கண்டு அதற்கு உழைத்தல் என்பதே பொருத்தமான விளக்கம் என்பது அவர்கள் கொள்கை. மில்கிராமோ, மனிதர் தம்மைப் பிறருடைய விருப்பின் கருவியாகக் கருதும் ஓர் உளநிலைக்கு மாறிவிடுகின்றனர் என்றார். அந்நிலை ஒருபோது தோன்றி ஒருபோது தோன்றாமைக்கு, அஃதாவது பூச்சியத்துக்கும் 92.5க்கும் இடையேயுள்ள வேறுபாட்டுக்கு, அக்கோட்பாடு போதிய விளக்கம் தருவதாகத் தெரியவில்லை. அவருடைய தரவுகள் அவருடைய கோட்பாட்டினும் வளமானவை என்பது எமது மதிப்பீடு.

இயற்கைச் சூழல் என்னும் தீர்வு

ஆய்வுகூடத்தின் ஐயங்களை நீக்குதற்குப் பரிசோதனையை வெளியே கொண்டுசெல்வதே வழி என்பர் சிலர். சார்ள்ஸ் ஹொவ்லிங்கும் அவர்தம் குழுவினரும் 1966இல் வெளியிட்ட வைத்தியசாலை ஆய்வு இதற்குச் சான்றாகக் காட்டப்படுவது. முன்பின் அறியாத வைத்தியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, போத்தலில் எழுதப்பட்டிருந்த உச்ச அளவின் இருமடங்கு மருந்தை நோயாளிக்குக் கொடுக்குமாறு பணித்தபோது, 22 தாதியருள் 21 பேர் கொடுக்கச் சென்றனர். தாம் ஆராயப்படுவது அவர்களுக்குத் தெரியாது. எனவே ஓர்ணின் ஆட்சேபம் இங்கே எழாது.

ஆனால் 1977இல் றாங்க், ஜேக்கப்சன் ஆகியோர் இரு நிலைமைகளை மாற்றினர். மருந்து தாதியர் நன்கறிந்த ஒன்றாக இருந்தது. சக தாதியருடன் கலந்தாலோசிக்கவும் இடமிருந்தது. அப்போது பதினெண்மருள் இருவரே கொடுக்க முற்பட்டனர். முதலாவது ஆய்வு நடந்தது உண்மையான வைத்தியசாலையில்; இரண்டாவதும் அவ்வாறே. இரண்டும் இயற்கைச் சூழலே. இருந்தும் 21க்கு ஒன்று என்ற விகிதம் தலைகீழாயிற்று. சூழலின் இயற்கைத் தன்மை பொதுமைக்கு உத்தரவாதம் ஆகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. தாதியர் ஒரு நாள் செல்லும் வழி, அவர் என்ன அறிவார், யாரிடம் கேட்கலாம் என்பவற்றைப் பொறுத்தது. இவ்வுறவே நோயாளியின் பாதுகாப்புக்கு உதவும் அறிவு. 95 வீதம் என்னும் எண் எவருக்கும் உதவாது.

வரலாற்றுக்குப் பொருத்துதல்

மில்கிராமின் பரிசோதனை ஆரம்பித்த 1961இலேயே நாசி அதிகாரி அடொல்வ் ஐக்மன் ஜெருசலேமில் விசாரிக்கப்பட்டான். 1963இல் ஹனா ஆரென்ற் அவ்விசாரணை பற்றிய தம் நூலை வெளியிட்டார். ஆணைக்குப் பணிந்த சாதாரண அலுவலன் என்னும் உருவமும் யேலின் ஆய்வுகூடமும் ஒன்றையொன்று மெய்ப்பிப்பனவாகத் தோன்றின. மில்கிராமும் இத்தொடர்பை வலியுறுத்தினார். 1964இலேயே டயானா பௌம்றிண்ட் அதனை மறுத்தார். ஆய்வுகூடத்திற் பங்குபற்றியோர் பரிசோதகரை நன்னோக்கமுள்ளவராகக் கருதினர். மாணவருக்கு நிலையான தீங்கு நேராது என்ற உறுதியும் அவர்களுக்கு அளிக்கப்பட்டது. கொலைகாரர் தாம் செய்வது கொலை என்று அறிந்திருந்தனர்.

வரலாற்றாய்வு இவ்வேறுபாட்டை மேலும் தெளிவாக்கியுள்ளது. ஹம்பேர்க் நகரிலிருந்து திரட்டப்பட்ட 101ஆம் சேமப் பொலிஸ் அணியை ஆராய்ந்து கிறிஸ்ரோபர் பிறௌணிங் 1992இல் எழுதிய நூல், அவ்வணி 1942 ஜூலையில் போலந்தின் யோசெவூவ் ஊரில் யூதரைப் படுகொலை செய்ததை விவரிக்கின்றது. அன்று காலை அணித்தலைவர், முதிர்ந்தோருள் அப்பணியைச் செய்ய இயலாதென உணர்பவர் விலகலாம் என்று கூறினார். ஏறத்தாழ ஐந்நூற்றுவருள் பன்னிருவர் அளவிலானோரே உடனே விலகினர். மில்கிராமின் தர்க்கப்படி அதிகாரம் தளர்ந்தவிடத்துப் பணிவு குன்றியிருத்தல் வேண்டும். இங்கே அதிகாரம் வழிவிட்டு நின்றது, கொலை நிற்கவில்லை. தோழரிடமிருந்து பிரிந்து நிற்கும் தயக்கம் பெரும்பங்கு வகித்தது என்பது பிறௌணிங்கின் கருத்து. ஐக்மனைப் பொறுத்தவரையும், அவன் வெறும் பணியாளன் அல்லன், நாசிக் கொள்கையில் ஊறியவன் என்பதை, ஆர்ஜென்ரீனாவில் அவன் விட்டுச்சென்ற எழுத்துக்களையும் உரையாடற் பதிவுகளையும் ஆராய்ந்து பெற்றினா ஸ்ராங்னெற் 2011இல் நிறுவினார்.

இதனால் மில்கிராமின் ஆய்வு வரலாற்றுக்கு எவ்வகையிலும் பயன்படாது என்றாகாது. சக மனிதரின் எதிர்ப்புப் பணிவைக் குலைக்கும், பாதிக்கப்படுபவர் அண்மித்துத் தோன்றுமளவுக்குக் கொடுமை அரிதாகும், வேலைப்பிரிவினை பொறுப்புணர்வை மழுங்கச்செய்யும் என்னும் உறவுகள் வரலாற்றாசிரியருக்குக் கேட்கவேண்டிய வினாக்களைத் தருகின்றன. விடைகளை அவர் தம் ஆவணங்களிலேயே தேடல் வேண்டும். பரிசோதனை வினாவைக் கூர்மையாக்கலாம். சாட்சியத்தின் இடத்தைப் பிடிக்கலாகாது.

இங்கு அறநோக்கில் ஒரு விடயமும் உண்டு. எவராயினும் அவ்வாறே செய்திருப்பர் என்னும் கூற்று விஞ்ஞானத்தின் தீர்ப்பாக முன்வைக்கப்படும்போது அது குற்றவாளிக்குப் புகலிடமாகின்றது. பரிசோதனை அத்தீர்ப்பை வழங்கவில்லை. முதற் பரிசோதனையிலேயே நாற்பதின்மருள் பதினால்வர் மறுத்தனர். மாணவர் கண்ணெதிரே இருந்த நிலைகளில் மறுத்தோரே பெரும்பான்மையினர். மறுப்பும் பணிவைப் போலவே ஒரு கண்டுபிடிப்பு. அதனை விட்டுவிட்டுச் செய்யப்படும் பொதுமையாக்கம் அறத்துக்கு முன்னரே முறையியலிற் பிழைபட்டது.

முடிவுரை

மில்கிராமின் ஆய்வைப் பயனற்றதெனத் தள்ளுவதும், மானிட இயல்பின் ஆவணமெனப் போற்றுவதும் ஒரே தவறின் இரு வடிவங்களாகும். இரண்டும் 65 என்னும் எண்ணையே பொருளாகக் கொள்கின்றன. ஒரு சாரார் அது வெளியுலகில் பொய்க்கும் என்பர், மறுசாரார் மெய்க்கும் என்பர். தொடரின் உண்மையான பயன் எண்கள் மாறிய முறையில் உள்ளது. அம்முறைக்கான விளக்கம் ஆறு தசாப்தங்களின் பின்னும் விவாதத்துக்குரியதாகவே இருக்கின்றது.

ஆதலின் உளவியற் பரிசோதனை ஒன்றைத் தமிழில் அறிமுகஞ் செய்வோரும் கற்பிப்போரும் மூன்று வினாக்களை இவ்வொழுங்கிலேயே எழுப்புதல் நன்று. பங்குபற்றியவர் தாம் என்ன செய்வதாகக் கருதினார்? ஏற்பாட்டில் எதனை மாற்றியபோது விளைவு மாறியது? நாம் பொருத்த விரும்பும் சூழலில் அக்காரணி உண்டா? முதலாவதற்கு விடையின்றி மூன்றாவதற்குத் தாவுவதே பொதுமையாக்கத்தில் நிகழும் பெருந்தவறு. இவ்வொழுங்கைப் பேணுமிடத்து ஆய்வுகூடத்தின் சிறிய அறையும் உலகைப் பற்றி ஏதேனும் கூறவல்லது. பேணாதவிடத்து எத்துணைப் பெரிய மாதிரியும், எத்துணை இயற்கையான சூழலும் அப்பணியைச் செய்யமாட்டா.